உனக்கு என்ன பாட்டு பிடிக்கும்?

நம் காலத்தில் இந்தக் கேள்வியை யாரும் யாரையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் "பாடத் தெரியுமா?" என்று கேட்பார்கள். பெண்ணும் தலையைக் குனிந்துகொண்டு ஒரு பாட்டுப் பாடும். அந்தப் பாட்டு அதற்குப் பிடிக்குமா என்று எவரும் விசாரித்ததில்லை. வீட்டில் ரேடியோ இருந்தால் இலங்கை வானொலி. இல்லாவிட்டால் டீக்கடைக்காரர் எதை வைக்கிறாரோ அது. பிடித்தது, பிடிக்காதது என்று பிரித்துப் பார்க்க நமக்கு ஏது வசதி?

இப்போது இது பரீட்சைக் கேள்வி ஆகிவிட்டது. அதுவும் ஆங்கிலப் பரீட்சையில். சென்ற வருடம் மூன்று மாதம் இந்த ஒரு கேள்வியோடு நான் மல்லுக்கட்டினேன். அதைப் பற்றித்தான் இன்று எழுதப்போகிறேன்.

நம் புதுச்சேரியில் பிரான்சுக்குப் போகிற குடும்பங்களுக்கு இந்தத் தேர்வைப் பற்றித் தெரிய வேண்டியதில்லை. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, கனடா என்று கிளம்புகிற பிள்ளைகள் உள்ள வீடுகளில் 'ஐ.ஈ.எல்.டி.எஸ்.' என்ற பெயர் அடிக்கடி காதில் விழும். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்பது வரை மதிப்பெண்.

பேசுதல் பகுதிக்கு மொத்தமே 11 முதல் 14 நிமிடம்தான். தேர்வாளர் ஒருவர் எதிரில் இருப்பார், பேச்சு முழுவதும் பதிவாகும். முதல் நாலைந்து நிமிடம் ஊர், வீடு, வேலை, பொழுதுபோக்கு என்று சாதாரணக் கேள்விகள். பிறகு ஒரு அட்டையைக் கொடுப்பார்கள். அதில் உள்ள விஷயத்தைப் பற்றி ஒரு நிமிடம் யோசித்து, ஒன்றிரண்டு நிமிடம் தனியாகப் பேச வேண்டும். கடைசியில் அதையொட்டிக் கொஞ்சம் ஆழமான உரையாடல்.

"உனக்கு எந்த மாதிரி இசை பிடிக்கும்?" என்பது முதல் பகுதியில் வரக்கூடிய கேள்வி. சுலபமான கேள்வி என்றுதான் அதை முதலில் வைத்திருக்கிறார்கள். ஆனால் நம் பிள்ளைகள் பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

எங்கள் தெருவின் கடைசி வீட்டில் ஒரு பேண்டு மாஸ்டர் இருக்கிறார். கோயில் தேர், சர்ச் திருவிழா, கல்யாண ஊர்வலம், சாவு, எல்லாவற்றுக்கும் வாசிக்கிற பேண்டு செட் அவருடையது. அவர் வாசிப்பது கிளாரினெட். ஒரே மகள். நர்ஸிங் முடித்து இங்கே ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். இங்கிலாந்துக்குப் போக வேண்டும் என்று ஆசை. அங்கே நர்ஸாகப் பதிவு செய்ய இந்தத் தேர்வில் கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் 7, எழுதுதலில் 6.5 வேண்டும். அவளுக்கு மற்றவை எல்லாம் வந்துவிட்டன. பேச்சில் மட்டும் 6.

தேர்வுக் கட்டணம் 15,000 ரூபாய்க்கு மேல். அதைச் சேர்க்க அவள் அப்பா எத்தனை ஊர்வலத்தில் ஊத வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பேண்டு மாஸ்டர் மகளோடு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். "சார், நீங்க வெள்ளைக்காரங்ககிட்டயே படிச்சவரு. பாப்பாவுக்குக் கொஞ்சம் பேசப் பழக்கி விடுங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் வெள்ளைக்காரரிடம் படித்தது பிரெஞ்சு. நம் ஊரை இந்தியாவிடம் விட்டுக்கொடுத்த ஒப்பந்தம் 1956இல் கையெழுத்தானது. நம் மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவெடுக்கும் வரை பிரெஞ்சும் ஆட்சிமொழியாக இருக்கும் என்று அதில் எழுதியிருந்தது. அந்த நம்பிக்கையில் என் அப்பா என்னைப் பிரெஞ்சு மீடியத்தில் போட்டார். நான் படிப்பை முடித்து உத்தியோகத்துக்குள் நுழைந்தபோது கோப்பெல்லாம் ஆங்கிலத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே என் ஆங்கிலம் மேஜையில் கற்ற ஆங்கிலம். 'ஐ ஆம் டைரக்டட் டு ஸ்டேட்' என்று தொடங்கி 'ஃபார் நெசசரி ஆக்ஷன்' என்று முடியும். அந்த ஆங்கிலத்தில் சைக்கிள் அட்வான்ஸ் கேட்கலாம். பாட்டைப் பற்றிப் பேச முடியாது.

இதை அவரிடம் சொன்னேன். அவர் விடவில்லை. "எதிரே உக்காந்து கேள்வி கேளுங்க, அது போதும்" என்றார். சரி என்று ஒப்புக்கொண்டேன். அவளுக்கு டியூட்டி இல்லாத மாலைகளில் ஒரு மணி நேரம். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, என் பழைய கைக்கடிகாரம். நான் தேர்வாளர்.

முதல் நாள் கேட்டேன், எந்த மாதிரி இசை பிடிக்கும் என்று. அவள் முதுகை நிமிர்த்திக்கொண்டு, மூச்சு விடாமல் ஆங்கிலத்தில் ஒப்பித்தாள். இசை என் வாழ்க்கையின் பிரிக்க முடியாத அங்கம். இசை மனதுக்கு மருந்து. எனக்கு கர்நாடக இசையும் மேற்கத்திய செவ்வியல் இசையும் மிகவும் பிடிக்கும். அவை மன அழுத்தத்தைக் குறைக்கின்றன.

இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை.

"கர்நாடக இசையில் யார் பாடினால் பிடிக்கும்?" என்று கேட்டேன். விழித்தாள். "மேற்கத்திய இசையில்?" அதற்கும் விழிப்புதான். கடைசியாக எப்போது கேட்டாய் என்றேன். "தாத்தா, இது கோச்சிங்ல கொடுத்த பதில். எல்லாரும் இதைத்தான் சொல்லுவோம்" என்றாள்.

விஷயம் புரிந்துவிட்டது. தேர்வாளர் என்ன, காது கேளாதவரா? ஒப்பித்த பேச்சு எது, சொந்தப் பேச்சு எது என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா? அடுத்த கேள்வியை ஒரு அடி பக்கவாட்டில் நகர்த்திக் கேட்டால் போதும், மனப்பாடம் அத்தோடு நின்றுவிடும். நின்ற இடத்தில் பேச்சும் திக்கும்.

தேர்வில் எதற்கு மதிப்பெண் தருகிறார்கள் என்று அவளுடைய புத்தகத்தை வாங்கிப் படித்துப் பார்த்தேன். நான்கு விஷயங்கள்: தடையில்லாமல் கோவையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நான்குக்கும் சம அளவு. ரசனைக்கு மதிப்பெண் இல்லை. மொசார்ட் பிடிக்கும் என்றாலும் அதே மதிப்பெண், குத்துப்பாட்டு பிடிக்கும் என்றாலும் அதே மதிப்பெண். எனக்கு இசையே பிடிக்காது, காது வலிக்கிறது என்றுகூடச் சொல்லலாம். ஏன் என்று கோவையாகச் சொல்லத் தெரிந்தால் சரி.

இதைப் படித்தபோது என் பள்ளிக்கூட நாள் ஒன்று நினைவுக்கு வந்தது.

எங்கள் வகுப்பில் பாகூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். பிரெஞ்சு இலக்கணத்தில் கடைசி. டிக்தேயில் அவன் தாளைத் திருத்தினால் சிவப்பு மசி தீர்ந்துவிடும் என்று வாத்தியாரே சொல்வார். அவர் பிரான்சிலிருந்து வந்தவர். ஒரு நாள் பேச்சுப் பயிற்சி. உங்களுக்கு என்ன இசை பிடிக்கும் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். ஒருவன் மொசார்ட் என்றான், ஒருவன் எடித் பியாஃப் என்றான். பாடப் புத்தகத்திலும் வாத்தியார் வாயிலும் கேட்ட பெயர்கள். பாகூர்ப் பையன் முறை வந்தது. அவன், எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயில் கூத்தில் வாசிக்கிற முகவீணை பிடிக்கும் என்றான்.

வாத்தியார் கையிலிருந்த புத்தகத்தை மேஜையில் வைத்தார். முகவீணை என்றால் என்ன என்று கேட்டார். இவனுக்குச் சொல் கிடைக்கவில்லை. கையை நீட்டி அளவு காட்டினான். 'ஓபுவா மாதிரி, ஆனால் சின்னது' என்றான். ஊதும்போது கன்னம் இப்படி இருக்கும் என்று உப்பிக் காட்டினான். கூத்து எத்தனை மணிக்கு ஆரம்பிக்கும், எத்தனை மணிக்கு முடியும், துரியோதனன் வரும்போது மத்தளம் எப்படி அடிக்கும், தூக்கம் வந்தால் மணலில் எப்படிப் படுத்துக்கொள்வோம் என்று பத்து நிமிடம் பேசினான். ஆண்பால் பெண்பால் எல்லாம் தாறுமாறு. ஆனால் நிறுத்தாமல் பேசினான். சொல் தெரியாத இடத்தில் சுற்றிவளைத்துச் சொல்லிக் கடந்துபோனான். வாத்தியாரும் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த வருடத்தில் எங்கள் வகுப்பில் யாரும் பேசியதில் அதுதான் நல்ல பிரெஞ்சு என்பது என் எண்ணம்.

காரணம் எளிது. பொய்க்கு விவரம் கிடையாது. மொசார்ட் என்று சொன்ன பையனிடம் மேலே கேட்க ஒன்றும் இல்லை. பார்த்ததை, கேட்டதைச் சொல்கிறவனுக்கு விவரம் வந்துகொண்டே இருக்கும். விவரம் வந்தால் சொல்லைத் தேடியாக வேண்டும். சொல்லைத் தேடினால் மொழி தானாக வளரும்.

அடுத்த மாலை இதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "கோச்சிங் தாளை மடித்து வை. உண்மையாகவே உனக்கு என்ன பாட்டு பிடிக்கும், தமிழிலேயே சொல்லு" என்றேன்.

"மெலடி சாங்ஸ், தாத்தா."

இதில் ஒரு சின்னப் பாடம் இருக்கிறது. 'மெலடி சாங்' என்பது நாம் செய்துகொண்ட ஆங்கிலம். மெலடி என்றால் மெட்டு. மெட்டு இல்லாத பாட்டு ஏது? தேர்வாளருக்கு அது விளங்காமல் போகலாம். மெதுவாக, இனிய மெட்டோடு வருகிற சினிமாப் பாட்டு என்று விரித்துச் சொல்ல வேண்டும். அப்படியே குத்துப்பாட்டு என்ற சொல்லையும் தாராளமாகச் சொல்லலாம், ஆனால் உடனே, வேகமான தாளத்தோடு ஆடுவதற்காகப் போடுகிற பாட்டு என்று ஒரு வாக்கியம் சேர்க்க வேண்டும். இப்படிச் சுற்றிவளைத்து விளக்கத் தெரிவதைச் சொல்வளத்தில்தான் சேர்க்கிறார்கள் என்று அந்தப் புத்தகத்திலேயே போட்டிருந்தது.

இன்னும் சில இடங்களில் தமிழ் நம் காலை வாரும். நமக்குக் 'கேட்பது' என்ற ஒரே சொல்தான். காதில் விழுவதும் கேட்பது, கவனித்துக் கேட்பதும் கேட்பது, கேள்வி கேட்பதும் கேட்பது. ஆங்கிலத்தில் 'ஹியர்' வேறு, 'லிஸன்' வேறு. பிரெஞ்சிலும் 'ஆந்தாந்த்ர்' வேறு, 'எக்கூத்தே' வேறு. 'லிஸன்' என்றால் பின்னால் 'டு' வர வேண்டும். 'லிஸனிங் மியூசிக்' என்று நம் பிள்ளைகள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சொல்வார்கள்.

எனக்கு வந்த வம்பு வேறு மாதிரி. பிரெஞ்சில் 'ழெம் லா முய்சிக்' என்போம். அந்த 'லா' இல்லாமல் வாக்கியம் நிற்காது. அதே பழக்கத்தில் பிரெஞ்சு மீடியத்துக்காரர்கள் ஆங்கிலத்திலும் 'ஐ லைக் த மியூசிக்' என்போம். ஆங்கிலத்தில் அந்த 'த' கூடாது. ஆனால் வாத்தியத்தைச் சொல்லும்போது 'பிளேஸ் த கிளாரினெட்' என்று 'த' வேண்டும்! இந்த நியாயத்தை எந்தக் கோர்ட்டில் கேட்பது?

இந்த 'பிளேஸ் த கிளாரினெட்'டை நான் எடுத்துக்காட்டாகச் சொன்னபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். அவள் முகம் மாறியது. "அப்பாவைப் பத்திச் சொல்ல வேணாம் தாத்தா" என்றாள்.

"ஏன்?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னாள். நர்ஸிங் ஹாஸ்டலில் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால் 'பிரைவேட்டில் வேலை' என்றுதான் மூன்று வருடமும் சொல்லியிருக்கிறாள். சாவுக்கு வாசிக்கிறவர் மகள் என்று தெரிந்தால் எப்படிப் பார்ப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். முதல் தேர்வில் வீட்டில் யாராவது வாத்தியம் வாசிப்பார்களா என்று தேர்வாளர் கேட்டாராம். இல்லை என்று சொல்லிவிட்டாளாம். சொன்ன பிறகு அடுத்த இரண்டு கேள்விக்கு நாக்கு புரளவில்லையாம்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இதற்கு இலக்கணத்தில் பதில் இல்லை. "சரிம்மா, இன்றைக்குப் போதும்" என்று அனுப்பிவிட்டேன்.

மறுவாரம் மழை. அவளை அழைத்துப் போக அப்பாவே குடையோடு வந்தார். உட்காரச் சொல்லி என் வீட்டம்மா காபி கொடுத்தாள். பேச்சுவாக்கில் அவரிடம், உங்கள் வாத்தியத்தைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்லப் பாப்பா தயங்குகிறாள் என்று மட்டும் சொன்னேன். ஹாஸ்டல் கதையைச் சொல்லவில்லை. அது அவள் சொல்ல வேண்டியது.

அவர் சிரித்தார். "ஏன் தயங்கணும்? அது அவங்க ஊர் வாத்தியந்தானே சார்? நம்மகிட்ட வந்தப்புறம்தான் செருப்பில்லாம நடக்குது" என்றார்.

யோசித்துப் பாருங்கள், எவ்வளவு பெரிய உண்மை! கிளாரினெட் 1700 வாக்கில் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் உருவானது. பட்டாளத்து பேண்டுகளோடு நம் நாட்டுக்கு வந்தது. சதிர்க் கச்சேரியில் நுழைந்தது. திருச்சி ஏ.கே.சி. நடராஜன் அவர்கள் அதில் முழுக் கர்நாடகக் கச்சேரி செய்து, அதற்காகவே பத்மஸ்ரீ வாங்கினார். நம் ஊரில் ஜூலை 13 மாலை விளக்கு ஊர்வலத்தில் பேண்டு இல்லாமல் பார்த்திருக்கிறீர்களா? மறுநாள் போர் நினைவுச் சின்னத்தின் முன்னால் இரண்டு தேசிய கீதங்களும் ஒலிக்கும்போது நாமெல்லாம் விறைப்பாக நிற்கிறோம். அதே பித்தளை, அதே மரம் சாவு வீட்டு வாசலில் ஒலித்தால் மட்டும் ஏன் முகத்தைத் திருப்புகிறோம்? வெள்ளைக்காரரின் வாத்தியத்தை வாசிக்கிறார் என்று வெள்ளைக்காரரிடம் சொல்லவே ஒரு பெண் கூச வேண்டியிருக்கிறது. அந்தக் கூச்சத்தை அவளுக்குக் கொடுத்தது நாம்தான், இங்கிலாந்து அல்ல.

காபியைக் குடித்துவிட்டு அவர் இன்னொன்றும் சொன்னார். "எங்க தொழில்ல முதல் கேள்வியே இதுதான் சார். சாவு வீட்டுக்குப் போனதும் பெரிய மகனைத் தனியா கூப்பிட்டு, ஐயாவுக்கு என்ன பாட்டு பிடிக்கும்னு கேப்பேன். எடுக்கும்போது அதை வாசிச்சா அவங்களுக்கு ஒரு ஆறுதல். பாதி வீட்ல தெரியாதுன்னு முழிப்பாங்க. ஒருத்தரை ஒருத்தர் பாத்துப்பாங்க. அப்புறம் யாராவது பேரப்பிள்ளை வந்து சொல்லும், தாத்தா குளிக்கும்போது இதைப் பாடுவாருன்னு. அதை வாசிச்சா அந்த வீட்டு அம்மா உடைஞ்சிடுவாங்க. அதுவரைக்கும் அழாதவங்ககூட."

மகள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதை அவளும் முதல் முறையாகக் கேட்கிறாள் என்று தோன்றியது. அவர் மகளைப் பார்க்காமல் குடையை உதறினார். "நேரமாச்சு, வா பாப்பா" என்று கிளம்பிவிட்டார்.

அடுத்த முறை அவள் வந்தபோது நான் கடிகாரத்தை எடுத்து வைத்தேன். கேள்வியைக் கேட்டேன். அவள் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

"எனக்குப் பழைய தமிழ் சினிமாப் பாட்டு பிடிக்கும். ஆனால் நான் அவற்றை முதலில் கேட்டது பாடகர் குரலில் இல்லை, என் அப்பாவின் கிளாரினெட்டில். அவர் இரவில்தான் பழகுவார். பக்கத்து வீட்டாருக்குத் தொந்தரவு இருக்கக் கூடாது என்று வாயில் ஒரு துணியைத் திணித்துக்கொள்வார், அதாவது கிளாரினெட்டின் வாயில். அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவேன். பெரியவளான பிறகு பஸ்ஸில் அதே பாட்டை ஒருவர் பாடக் கேட்டால் எனக்கு வேடிக்கையாக இருக்கும். இவர் ஏன் இதற்கு வார்த்தையெல்லாம் சேர்த்திருக்கிறார் என்று தோன்றும்."

வாத்தியத்தின் வாயில் என்று திருத்திக்கொண்டாள் பாருங்கள், அந்த இடத்தில் நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். தேர்வில் இப்படித் தன்னைத் தானே திருத்திக்கொண்டால் ஒன்றும் குறைந்துவிடாது. மனிதர்கள் அப்படித்தானே பேசுகிறார்கள்?

அதன் பிறகு கேள்வி கேட்க எனக்கு வேலையே வைக்கவில்லை. ரீடை நாக்கில் வைத்து ஊறவைத்தபடியே அப்பா யூனிஃபார்ம் பொத்தான் போடுவார், அப்போது அவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்றாள். வீடு திரும்பும்போது உதடு வீங்கியிருக்கும், சோற்றில் காரம் போட மாட்டோம் என்றாள். நூறு சொல் தெரியாமல் நூறு சொல்லையும் சுற்றிவளைத்துச் சொன்னாள். மூன்றாம் பகுதிக் கேள்வி மாதிரி ஒன்று கேட்டேன்: மனிதர்களுக்கு இசை ஏன் தேவைப்படுகிறது? மனதுக்கு மருந்து என்ற பழைய வாக்கியம் வரவில்லை. சாவு வீட்டில் அப்பா கேட்கிற கேள்வியைச் சொன்னாள். "நான் ஆஸ்பத்திரியில் பார்க்கிறேன். குடும்பத்தாருக்கு நோயாளியின் மருந்துப் பட்டியல் முழுவதும் தெரியும். அவருக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாது" என்றாள். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

தேர்வு நடந்தது. அதில் இசையைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை! எதற்காவது நீண்ட நேரம் காத்திருந்த அனுபவத்தைச் சொல் என்று அட்டை வந்ததாம். ஒரு மழை இரவில், தொலைவில் ஒரு கிராமத்துச் சாவுக்கு வாசிக்கப் போன அப்பாவுக்காக அம்மாவும் அவளும் வாசலில் உட்கார்ந்திருந்ததைச் சொன்னாளாம். தேர்வாளர் நிறுத்தும் வரை பேசினேன் தாத்தா என்றாள். பேச்சில் 7 வந்தது.

இப்போது விசா வேலைகள் நடக்கின்றன. பேண்டு மாஸ்டர் வழக்கம்போல வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக ஊர்வலம் போகிறார். என்னைப் பார்த்தால் கிளாரினெட்டைச் சற்றே உயர்த்தி வணக்கம் சொல்கிறார்.

உங்கள் வீட்டுப் பேரப்பிள்ளை யாராவது இந்தத் தேர்வுக்குப் படித்தால், நீங்களே எதிரில் உட்கார்ந்து கேள்வி கேளுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் போதாது என்று தயங்காதீர்கள். கேட்டுக்கொண்டிருக்க ஓர் ஆள் இருந்தால் போதும், பாதிப் பயிற்சி ஆகிவிடும். 'எல்லாப் பாட்டும் பிடிக்கும்' என்று சொன்னால் மட்டும் விடாதீர்கள். எந்தப் பாட்டு, எங்கே கேட்டாய், அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்வியில் பிள்ளை பேச ஆரம்பித்துவிடும்.

அப்படியே உங்களுக்குப் பிடித்த பாட்டையும் வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள். நான் என் மகனிடம் சொல்லிவிட்டேன். நாளைக்கு பேண்டு மாஸ்டர் வந்து கேட்கும்போது அவன் முழிக்கக் கூடாது அல்லவா?